கோழிக்கு எதுக்குடே பால்கனி?

எய்யா பேராண்டி, இங்கன வா. லேப்டாப்ப மூடாத, நானும் பாக்கணும்லா. பெங்களூருல இருந்து வந்து மூணு மாசமா நீ வரையுத கோழிக்கூடு இதுதானா?

மாடி வச்சிருக்க. மாடியில பால்கனி வேற. பொழுது விடிஞ்சா கதவு தானாத் தெறக்குமா? நல்லது. கரண்டு போனா கோழி என்ன செய்யும், ஈபி ஆபீசுக்குப் போன் போடுமா?

ஒண்ணு கேக்கேன். ராத்திரி யாரு வருவாம்னு யோசிச்சியா? கூடு கெட்டுதது கோழிக்காக இல்லடே, கீரிக்காக. மரநாய்க்காக. பருந்து வந்தா ஒரு குஞ்சோட போயிரும். கீரி உள்ள பூந்துட்டா ஒண்ணோட நிக்காது. நீ போட்டிருக்க கம்பிவலைக் கண்ணுல என் பெருவெரலு போவுது. வெரலு போனா பாம்பு போவாதா? பால்கனிய வித்துட்டுச் சின்னக் கண்ணு வலை வாங்கு.

தரையில இருந்து ரெண்டடி ஒசரம் போதும். நீளவாக்கு கெழமேக்கா இருக்கட்டும், வெயிலு உள்ள விழாது. வாசல மேக்க வச்சிராத. ஆடித்தபசு சமயத்துல அடிக்க மேக்காத்து ஆளையே தள்ளும், ஒன் கோழி என்ன கனம்? உள்ள மெத்தை எதுக்கு? குறுக்க ரெண்டு கம்பு கெட்டு, ஏறி ஒக்காந்து ஒறங்கிக்கிடும். எங்கிட்ட வாங்கிட்டுப் போன ரெண்டு வெடக்கோழியும் இப்ப எங்க அடையுது? முருங்கைமரத்துல, வேதாளம் கணக்கா. கம்பு அதுகளே தேடிக்கிட்டு, பாத்தியா?

அடுத்த பக்கத்த எடு. இருவது கோழி, பெருக்கல் 365, சமம் 7,300 முட்டை. ஏல, இது கோழியா, நம்மூரு விசைத்தறியா, சுவிட்சப் போட்டா ஓடதுக்கு? நாட்டுக்கோழி ஆறு மாசத்துல முட்டைக்கு வரும். பன்னெண்டு பதினஞ்சு போடும். அந்தால அடை படுத்துரும். குஞ்சு பொரிக்கணும், வளக்கணும், அப்புறந்தான் அடுத்த ஈடு. வருசத்துக்கு அறுவது எழுவது கண்டா கும்பிடு போடு. 300 முட்டை போடுதது நாமக்கல்லு பண்ணைக் கோழி. அதுக்குத் தீவனமும் கூண்டும் வேற கணக்கு. நடுவுல ஐதராபாத்துல உண்டாக்குன கிராமப்பிரியா இருக்கு, 200 பக்கம் போடும். ஆனா அடைக்கு அத நம்பாத.

கருங்கோழி வாங்கப் போறியா? வாங்கு. ஆனா முட்டை கருப்பா இருக்காது, அத இப்பமே சொல்லிட்டேன். ‘வாங்கி வளங்க, நாங்களே திருப்பி எடுத்துக்கிடுதோம்’னு எவனாவது வந்தா மட்டும் ஈமுவ நெனச்சுக்க. அத நம்பிப் பெருந்துறைப் பக்கம் பணத்தக் கெட்டுனவன்லாம் 2012-ல தெருவுல நின்னாம்.

கூட்டுக்குள்ள கேமரா போட்டிருக்க. கழிச்சலுக்கு என்ன போட்டிருக்க? ராணிகேத்துன்னு வடக்க ஒரு மலையூரு. 1927-ல அங்க கண்டதால நோய்க்கும் அந்தப் பேரு. நமக்கு வெள்ளக்கழிச்சல். கோழி கழுத்தத் திருப்பிக்கிட்டு நிக்கும். நீ வீடியோ எடுத்து முடிக்கதுக்குள்ள கூடு காலி. ஏழாம் நாளு கண்ணுல சொட்டு, எட்டாவது வாரம் ரெக்கையில ஊசி. மாட்டாஸ்பத்திரியில காசு வாங்காமப் போடுதாவ. ஒன் கணக்குல இதுக்கு ஒரு கட்டம்கூட இல்ல.

தீவனத்துக்குப் புழு ஆன்லைன்ல ஆர்டரா? சவம், இத எங்க போயிச் சொல்ல! நம்மூரு கோமதி அம்மன் கோயிலு புத்துமண்ண ஊரே நெத்தியில பூசுது. புத்தக் கெட்டுனது யாரு? கரையாந்தான. கரையானுக்குப் பேரு வாங்குன ஊருல இருந்துக்கிட்டுப் புழுவுக்குக் கூரியரு! பழைய பானையில வைக்கோலு, கிழிஞ்ச சாக்கு, காஞ்ச சாணி திணி. தண்ணியத் தெளி. கரையான் இருக்க எடத்துல பொழுதடைய கவுத்து வையி. காலையில நிமுத்துனா குஞ்சுகளுக்குக் கல்யாணச் சாப்பாடு. கோயிலுப் புத்துப் பக்கம் மட்டும் பானையத் தூக்கிட்டுப் போயிராத, ஊரு ரெண்டாயிரும்.

சேவலா? முட்டைக்குச் சேவலு வேண்டாம், குஞ்சுக்குத்தான் வேணும். பத்துப் பொட்டைக்கு ஒருத்தன் போதும். நீ வாங்க வேண்டாம். எஞ் சேவலு ரெண்டு மாசமா மதிலு ஏறி ஒங்க வீட்டுக்குத்தான் வந்துட்டுப் போறாம்.

ஏன் முழிக்க? ஒன் லேப்டாப்பு பை ரொம்ப நாளா மாட்டுக்கொட்டகையில கெடக்குல்லா? எடுக்கப் போயிராத. உள்ள பதினோரு முட்டை இருக்கு. நேத்துல இருந்து எஞ் செவலைக்கோழி அடை படுத்திருக்கா. இன்னும் 20 நாளு ஆவும். ஆபீசுக்கு வேணும்னா வீட்டுல இருக்க மஞ்சப்பைய எடுத்துக்க.