போர்ஷே 911 டர்போவின் பின்பாரமும் உரிமையாளரின் ஐந்திணை ஒழுக்கமும்: ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

யானையைக் கட்டித் தீனி போடுவதில் உள்ள செலவுக் கணக்கைப் பற்றித் தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பேசிவருகின்றனர். அந்த யானை பின்பக்கமாக வந்து முந்தப் பார்த்தால் என்ன செய்வது என்பது பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துச் சுஃபென்ஹவுசனில் பிறந்த போர்ஷே 911 டர்போ. தொழிற்சாலைக் குறியீடு 930. பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஐரோப்பா திண்டாடி ஓராண்டுகூடத் திரும்பாத நிலையில், 1974 அக்டோபரில், பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் இது கூச்சமில்லாமல் வந்து நின்றது. பந்தயத்தில் இறங்கும் தகுதிக்கு 400 வண்டிகள் செய்தால் போதும் என்று தொடங்கினார்கள். 1989-இல் நிறுத்தும்போது கணக்கு 20,000-ஐத் தாண்டியிருந்தது. ஆபத்தை விலைக்கு வாங்க ஆள் கிடைக்காமல் போவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

2. ஆய்வாளரின் தகுதி

இவ்வாய்வாளரிடம் இந்த வண்டி இல்லை. வாங்கும் வசதியும் இல்லை. காய்தல் உவத்தல் அகற்றி ஒரு பொருளை ஆராய இதைவிடச் சிறந்த தகுதி வேறு கிடையாது.

3. முதற்பொருள்

ஐந்திணை மரபில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். இவ்வண்டியில் நிலம் என்பது என்ஜின் இருக்கும் இடம். பொழுது என்பது டர்போ விழிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். இரண்டிலுமே வில்லங்கம்.

முதலில் நிலம். ஆறு சிலிண்டர் என்ஜின் பின்சக்கர அச்சையும் தாண்டி வாலில் தொங்குகிறது. வண்டியின் எடையில் பாதிக்கு மேல் பின்சக்கரங்கள் தலையில். முன்பக்கம் லேசு, பின்பக்கம் பாரம் என்ற இந்தக் குணம் டர்போவுக்கு மட்டும் உரியதன்று. 1963-இல் முதல் 911 வெளிவந்த நாள்தொட்டு வரும் பரம்பரைச் சொத்து.

இதைச் சரிசெய்ய நிறுவனம் செய்த வைத்தியங்கள் தனி நூலுக்கு உரியவை. தொடக்க காலத்தில் முன் பம்பரின் இரு முனைகளிலும் இரும்புக் கட்டிகளை ஒளித்துவைத்து முன்பாரம் ஏற்றினர். 1969 மாடலில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை 57 மில்லிமீட்டர் நீட்டினர். அதே மாடலில் ஒரு பேட்டரிக்குப் பதில் இரண்டை முன் மூலைகளில் வைத்தனர். 1972 மாடலில் ஆயில் டாங்கைப் பின்சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தி, ஊற்றும் மூடியை வெளிப்பக்கம் வைத்தனர். பங்கில் இருந்தவர்கள் அதைப் பெட்ரோல் மூடி என்று நினைத்து ஊற்றத் தொடங்கவே, அடுத்த ஆண்டே டாங்க் பழைய இடத்துக்குத் திரும்பியது. ஆக, நோயாளியை விட்டுவிட்டு வீட்டில் உள்ள மற்ற எல்லோருக்கும் ஊசி போட்டாயிற்று.

என்ஜினையே முன்னால் மாற்றினால் என்ன எனின், அதையும் செய்து பார்த்தார்கள். 1977-இல் 928 என்றொரு வண்டி, முன்பக்கம் எட்டு சிலிண்டர் என்ஜினோடு, 911-இன் இடத்தைப் பிடிக்க வந்தது. ஒழுங்கான, அடக்கமான வண்டி. 1995-இல் 928 விடைபெற்றது. 911 இன்றும் ஓடுகிறது.

இனிப் பொழுது. டர்போ என்பது புகைக்குழாயில் வெளியேறும் வாயுவைக் கொண்டு ஒரு விசிறியைச் சுழற்றி, அதன் பலத்தால் என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி. புகை போதிய வேகத்தில் வரும்வரை விசிறி அசைந்து கொடுக்காது. திணிக்கும் காற்றை என்ஜின் தாங்க வேண்டுமென்று அதன் அழுத்த விகிதத்தையும் 6.5-க்கு இறக்கிவைத்ததால், டர்போ தூங்கும்போது என்ஜினும் கூடவே தூங்கும். விழித்துக்கொண்டால் 3 லிட்டரில் 260 குதிரைத்திறன். 1978 முதல் 3.3 லிட்டரில் 300. குதிரைகள் ஒவ்வொன்றாக வருவதில்லை; கூட்டமாகவே வரும்.

4. கருப்பொருள்

டிக்கி முன்னால் இருக்கிறது. பின்சீட்டில் சிறுபிள்ளைகளோ, மனஸ்தாபம் உள்ள உறவினரோ உட்காரலாம். பின்சக்கர டயர் முன்சக்கர டயரைவிட அகலம். மேலே ஒரு பெரிய இறக்கை. தெய்வத்தின் இடத்தில் பெட்ரோல் பங்கை வைக்கலாம்.

சடங்குகளில் தலையாயது ஆயில் பார்த்தல். பெரும்பாலான வண்டிகளில் என்ஜினை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார்கள். இதில் வண்டி நன்றாக ஓடிச் சூடேறியிருக்க வேண்டும். சமதரையில் நிற்க வேண்டும். என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நிலையில் பின் மூடியைத் திறந்து, முகத்தில் அனல் அடிக்க, அளவுகோலை உருவி, துணியால் துடைத்து, மறுபடி செருகி உருவிப் பார்க்க வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் டாங்கில் உள்ள ஆயில் கீழே இறங்கிப்போய், குறைவதுபோல் காட்டும். அதை நம்பிக் கூடுதலாக ஊற்றியவரை அடுத்த சிக்னலில் புகையை வைத்தே அடையாளம் காணலாம்.

5. உரிப்பொருள்

குறிஞ்சி, புணர்தல்: சாவி கைக்கு வந்த நாள். கதவு இரும்புப் பெட்டி மூடும் ஓசையோடு சாத்திக்கொள்ளும். எல்லாமே இனிக்கும்.

மருதம், ஊடல்: மெக்கானிக்கின் பில் வந்த நாள். வீட்டில் பேச்சுவார்த்தை நின்றிருக்கும். இத்திணை நீளமானது; விரிப்பிற் பெருகும்.

முல்லை, இருத்தல்: ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருத்தல். 1989 மாடல் வரும்வரை கியர் நான்கே என்பதால், தவறான கியரில் மாட்டிக்கொண்டால் காத்திருப்பு இன்னும் நீளும்.

நெய்தலையும் பாலையையும் பிரித்துப் பேச இயலாது. ஜெர்மனியின் விரைவுச்சாலையான ஆட்டோபானிலிருந்து இறங்கும் ஒரு வளைவு. மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. தலைவன் மூன்றாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து லேசாக மிதிக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் மிதிக்கிறான். அப்போதும் இல்லை. வளைவின் நடுப்பகுதியில், முதலில் கேட்டதும் பிறகு கேட்டதும் வட்டியோடு சேர்ந்து வந்து சேர்கின்றன. முன்சக்கரங்கள் வெளிப்பக்கமாக நழுவுகின்றன. தலைவன் இரங்குகிறான். இது நெய்தல்.

இரங்கியவன், மனித இயல்பின்படி, சட்டென்று காலை எடுக்கிறான். எடுத்த கணமே வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. பின்டயர்களின் பிடி தளர்கிறது. வாலில் தொங்கும் என்ஜின் தான் போய்க்கொண்டிருந்த திசையிலேயே போக முடிவு செய்கிறது. சாலையும் டயரும் பிரிகின்றன. இது பாலை. கண்ணாடிக்கு நேரே, தான் வந்த வழி தெரிவது இத்திணையின் சிறப்பு. ஏனைய இலக்கியங்களில் பிரிந்தபின் இரங்குவர். இங்கு இரங்கியதாலேயே பிரிவு நேர்கிறது. இவ்வாய்வின் கண்டுபிடிப்பு இதுவே.

6. மறுப்பும் விடையும்

விதவைகளை உண்டாக்கும் வண்டி என்று மேலைநாட்டார் பட்டம் சூட்டிய ஒன்றை நல்ல மனம் உள்ளவர் யாருக்கேனும் கொடுப்பரோ எனின், கொடுத்தனர். நிறுவனத்தின் முதல் 911 டர்போ, 2.7 லிட்டர் என்ஜினோடு, ஃபெர்டினான்ட் போர்ஷேயின் மகள் லூயிஸ் பியெக்குக்கு 1974-இல் அவருடைய எழுபதாவது பிறந்தநாள் பரிசாகப் போனது. எழுபது வயது அம்மையாருக்கு இப்படியொரு பரிசு பாசத்தாலா பகையாலா என்று ஐயுறுவார் அறிக: அவர் 1999 வரை வாழ்ந்தார். எனவே வண்டியின் பகை முதுமையோடு அன்று, அவசரத்தோடு என்பது துணிபு.

7. முடிபும் பரிந்துரையும்

நிறுவனம் வைத்தியத்தை இன்னும் நிறுத்தவில்லை. 1995 டர்போவில் பெரிய விசிறி ஒன்றுக்குப் பதில் சிறியவை இரண்டு. பலத்தை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்தனர். 2013-இல் பின்சக்கரங்களும் திரும்பத் தொடங்கின. என்ஜின் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

பழைய 930-ஐ வாங்க எண்ணுவோர்க்கு ஒரே பரிந்துரை. வளைவுக்கு முன் பிரேக்; வளைவுக்குள் பொறுமை, கால் அசையக் கூடாது; ஸ்டீயரிங் நேரானபின் வீரம். இந்த வரிசையை மாற்றித்தான் ஓட்டுவேன் என்பவர்கள், தயவுசெய்து, என்ஜின் முன்னால் இருக்கும் வண்டியாகப் பார்த்து வாங்கிக்கொள்ளவும்.