மான் மேயுற காலேஜ்

எங்கள் அடுக்ககத்துக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும், பால் பொங்கி அடங்குவதற்குள் பொருளாளர் சார் வந்துவிடுவார். கையில் சங்க விதிமுறைகளின் நகலும் லாரித் தண்ணீர்க் கணக்கும் இருக்கும். ஊர் எது, வேலை எங்கே, குழந்தைகள் எத்தனை என்று சுற்றி வளைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. நேரே வருவார்.

“நீங்க எந்த காலேஜ்?”

வந்தவருக்கு 62 வயதாக இருக்கலாம். வங்கியில் 35 வருடம் உழைத்து, இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து, ஒரு பைபாஸும் செய்துகொண்டு, கடைசிக் காலத்தில் நிம்மதியாக இருக்கலாம் என்று வந்திருப்பார். அவரிடம், 17 வயதில் எங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்று கேட்டால் என்ன செய்வார் பாவம். சற்று யோசித்துத்தான் பதில் சொல்வார். நடுவில் நடந்ததெல்லாம் பொருளாளர் சாருக்குப் பின்னிணைப்பு.

பதில் வந்ததும் சார் “ஓ” என்பார். அந்த “ஓ”வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கிண்டி என்றோ திருச்சி என்.ஐ.டி. என்றோ சொன்னால், “ஓ!” என்று குட்டையாக மேலே ஏறி நிற்கும், நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு உட்காருவார். கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. டெக் என்றால் ஏறிப் பார்த்து, தயங்கி, பாதிப் படியில் உட்காரும். நெடுஞ்சாலை ஓரமாக ஊரைவிடப் பெரிய நுழைவாயில் கட்டிய தனியார் கல்லூரி என்றால், “ஓஓ...” என்று இழுத்துக்கொண்டே கீழே இறங்கும். கூடவே தலை ஒரு பக்கம் சாயும். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கும்.

நான் ஒரு சின்ன ஊர் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு. எனக்கு வாய் மட்டும் வட்டமாகத் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. 14 வருடமாக இன்னும் வரவில்லை.

அவர் எந்தக் கல்லூரி? இந்த 14 வருடத்தில் அந்த மூன்றெழுத்தை அவர் வாயால் நான் கேட்டதில்லை. “இங்கதான் சார், மெட்ராஸ்லதான்” என்று ஆரம்பிப்பார். எதிராளி பேசாமல் இருந்தால், “அடையாறு தாண்டி” என்பார். அப்போதும் புரியாவிட்டால், “உள்ளே மானெல்லாம் மேயும்” என்பார். மான் என்றதும் தமிழ்நாட்டில் புரியாதவர் உண்டா? ஒரே ஒருவர் இருந்தார். மூன்றாவது மாடிக்கு வந்த துணிக்கடைக்காரர். “வண்டலூரா சார்?” என்று கேட்டுவிட்டார். அவர் வீட்டுக்கு மாதாந்திரப் பராமரிப்பு ரசீது இன்றுவரை கடைசியாகத்தான் போகிறது.

மான் என்று சொல்லிவிட்டால் பிறகு மடை திறந்த மாதிரிதான். அவர் 1978இல் சேர்ந்தவர். அப்போது நாட்டிலேயே மொத்தம் 5தான், இப்போது 23. அப்போது பி.டெக். 5 வருடம், இப்போது 4. “தண்ணி ஊத்திட்டாங்க சார்” என்பார். விடுதிகளுக்கெல்லாம் ஆற்றின் பெயர். காவேரி விடுதிக்கும் நர்மதா விடுதிக்கும் இருந்த பகையைச் சொல்ல ஆரம்பித்தால், நடுவர் மன்றம் வைத்தாலும் தீராது. மேற்கு ஜெர்மனி உதவியோடு 1959இல் தொடங்கியது என்பதால், ஜெர்மானியத் தயாரிப்பு எதைப் பார்த்தாலும் உறவினரைப் பார்த்த மாதிரி தொட்டுப் பார்ப்பார்.

மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு வந்ததும் அவருக்குத் திருவிழா. கணக்கு 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி, ஆக 200. இந்தக் கூட்டலைப் பிள்ளைகள் முடிப்பதற்குள் படிக்கட்டில் நின்றபடியே அவர் போட்டுவிடுவார். இதனால்தான் சின்னப் பிள்ளைகள் அவரை ‘கட்டாஃப் தாத்தா’ என்கிறார்கள். நாலாம் மாடிப் பெண் 196.5 வாங்கிய வருடம், ஒரு வாரம் லிஃப்டில் ஏறவே இல்லை. லிஃப்டுக்குள் அவரோடு மாட்டிக்கொண்டால், அந்த மூன்றரை எங்கே போனது என்று தரைத்தளம் வரை பதில் சொல்ல வேண்டும். சார் கொடுமைக்காரர் இல்லை. அவளுக்காக நிஜமாகவே வருந்தினார். இரவில் தூக்கம் வரவில்லை என்றுகூடச் சொன்னார். அவளுக்குத்தான் நன்றாகத் தூக்கம் வந்தது.

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி 11 மணிக்கு அவருக்கு நெஞ்சு வலி. நானும் அவர் மனைவியும் பக்கத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அவசரப் பிரிவில் சின்ன வயது டாக்டரம்மா. நெஞ்சு முழுக்க ஒயர். வியர்த்துக் கொட்டுகிறது. “நல்லா மூச்சு விடுங்க சார்” என்றார் டாக்டர்.

“நீங்க எம்.பி.பி.எஸ். எங்கம்மா?”

“எம்.எம்.சி. சார்.”

“அப்பாடா” என்று கண்ணை மூடிக்கொண்டார். திரையில் ஓடிக்கொண்டிருந்த நாடித்துடிப்பு 112இலிருந்து 90க்கு இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கண்ணை மூடியபடியே, “1835ல ஆரம்பிச்சது” என்றார். டாக்டர் அதைக் காதில் வாங்காமல், சாயங்காலம் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். “மூணு மெதுவடை, ரெண்டு போண்டா” என்றார் அவர் மனைவி. வாயுதான்.

வீடு திரும்பும்போது கேட்டேன்: “ஸ்டான்லின்னு சொல்லியிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?”

“ஸ்டான்லியும் நல்ல காலேஜ்தான். வலி இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கும்.”

அவரோடு வாதம் செய்து ஜெயிக்க முடியாது. நான் முயன்றிருக்கிறேன். ராமானுஜன் இருக்கிறாரே, கும்பகோணத்திலும் தேறவில்லை, பச்சையப்பனிலும் தேறவில்லை என்றேன். “1914ல கப்பல் ஏறி எங்க போனார்? கேம்பிரிட்ஜ், டிரினிட்டி காலேஜ்! அதுக்கப்புறம்தானே எஃப்.ஆர்.எஸ்.!” என்றார், ஏதோ அந்தக் கல்லூரிதான் அவர் நோட்டுப் புத்தகங்களை எழுதிக்கொடுத்த மாதிரி. அப்துல் கலாம் என்றேன். “எம்.ஐ.டி.!” என்றார். “குரோம்பேட்டை எம்.ஐ.டி. சார்.” “குரோம்பேட்டைன்னாலும் எம்.ஐ.டி., எம்.ஐ.டி.தான்.” காமராஜர் என்று ஆரம்பித்தேன். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர் பேச்சை எடுத்தால் அவர் என்ன செய்வார்? எழுந்து போய் மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தார்.

கடைசியில் என்னிடம் இருந்த பெரிய வெடியை எடுத்தேன். ரஜத் குப்தா. டெல்லி ஐ.ஐ.டி., அதன்மேல் ஹார்வர்டு, மெக்கின்சி என்ற பெரிய ஆலோசனை நிறுவனத்துக்கே தலைவர். இயக்குநர் குழுவில் காதில் விழுந்த ரகசியத்தைப் பங்குச் சந்தை நண்பருக்குக் கடத்தினார் என்று 2012இல் அமெரிக்க நீதிமன்றம் 2 வருடம் சிறை கொடுத்தது. இதைவிடப் பெரிய காலேஜ் எது சார், என்ன பிரயோஜனம் என்றேன்.

சார் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “அவர் டெல்லி. நாங்க மெட்ராஸ்.”

இதே மாதிரி ஒன்று எங்கள் அடுக்ககத்திலும் நடந்தது. முன்பு ஒரு செயலாளர் இருந்தார். அதே மான்களைப் பார்த்துப் படித்தவர். அவரைத் தேர்தலில் நிற்கச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கியது நம் சார்தான். இரண்டே வருடத்தில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் செயலாளரின் மச்சானுக்குப் போனது. லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் தவம் செய்யத் தொடங்கியது. ரசீதுகளைக் கோத்து, இரட்டிப்பாகப் போட்டிருந்த பில்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டுப் பொதுக்குழுவில் போட்டு உடைத்தவரும் நம் சார்தான். ஆள் பதவியை விட்டு ஓடினார். ஆனால் சாருக்கு முகம் செத்துவிட்டது. மூன்று நாள் கழித்துத் தெளிந்து என்னிடம் வந்தார்.

“விசாரிச்சுட்டேன் சார். அவன் பி.டெக். இல்ல, எம்.டெக். ஜே.இ.இ. எழுதி வந்தவன் கிடையாது, கேட் வழியா உள்ளே வந்தவன்.”

எல்லாரும் கேட் வழியாகத்தான் உள்ளே போவார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பொதுக்குழுவில்தான் என் பி.ஏ. வரலாறு முதலும் கடைசியுமாக உதவியது. உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொன்னேன். முதலாம் பராந்தகன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில், குடவோலைத் தேர்தலுக்கு விதி வெட்டி வைத்திருக்கிறார்கள். நிற்பவருக்குக் கால் வேலி நிலம் இருக்க வேண்டும். வேதத்தோடு பாஷ்யமும் படித்தவர் என்றால் அரைக்கால் வேலி போதும். ஆக, படிப்புக்குச் சலுகை உண்டு. ஆனால் முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயரைக் குடத்தில் போடவே கூடாது. அவன் நெருங்கிய சொந்தக்காரர்கள் பெயரையும் கூடாது. மச்சான்களை அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எல்லாரும் கை தட்டினார்கள். சார் மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டு, “உத்திரமேரூர்ல எந்த காலேஜ் இருக்கு?” என்றார்.

பெரிய காலேஜ் என்பதே வெறும் ஜம்பம் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் பொய். என் பட்டத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடம் தபால்காரருக்காகத் திண்ணையில் உட்கார்ந்தவன் நான். அவர் வகுப்பில் கடைசி வருடம் முடிவதற்குள் நிறுவனங்களே தேடி வந்து வேலை கொடுத்துவிட்டுப் போயின. முதல் கதவை அது திறந்துவிடும். என்னைப் போன்றவன் அந்தக் கதவைத் தட்டித் தட்டியே கை வீங்கிப்போவான். இதில் எனக்கு இன்னும் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருக்கிறது. வாசகர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் கட்டடத்தில் 40 வீட்டுக்காரர்களும் அவரை மதிப்பது காலேஜுக்காக இல்லை. 9 வருடமாகப் பொருளாளர். ஒரு தண்ணீர் லாரி குறைந்தாலும், 12 ரூபாய் அதிகம் வசூலானாலும் வீட்டுக் கதவைத் தட்டித் திருப்பிக் கொடுப்பார். பொதுத்துறையில் பெரிய பதவியில் இருந்தபோது, ஒரு காண்ட்ராக்டர் தீபாவளிக்கு அனுப்பிய வெள்ளிக் குத்துவிளக்கை ஆட்டோவில் திருப்பி அனுப்பி, ஆட்டோ வாடகையையும் தானே கொடுத்தவர். அவர் மனைவிக்கு இன்னும் ஆறவில்லை. “ஜோடி, ரெண்டு கிலோ இருக்கும்” என்று வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் சொல்வார்.

“எங்க காலேஜ்ல அப்படிப் பழக்கிட்டாங்க” என்றார் சார் ஒரு நாள்.

உள்ளேயிருந்து அம்மா வந்தார். “காலேஜாவது, மண்ணாவது. மூணாம் கிளாஸ்ல யாரோ பையனோட பலப்பத்தை எடுத்துட்டு வந்துட்டாராம். எங்க மாமனார் ரைஸ் மில்லுல கணக்குப்பிள்ளை. ராத்திரி எட்டு மணிக்கு, அரிக்கேன் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மைல் நடத்திக் கூட்டிட்டுப் போய், அந்தப் பையன் கையில திருப்பிக் கொடுக்க வச்சார். அந்த பயம்.”

சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதெல்லாம் எந்த சர்ட்டிபிகேட்ல சார் வருது?” என்றார்.

இந்தச் சித்திரையில் மகன் கூப்பிட்டான் என்று ஆறு மாதத்துக்கு அமெரிக்கா கிளம்பினார்கள். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது? ஐந்தாவது மாடியில் அவருடைய வகுப்புத் தோழரே இருக்கிறார். அதே வருடம், அதே விடுதி, அதே ஆறு. சாவி அவருக்குப் போகவில்லை. எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனுக்குப் போனது. ஒருமுறை அவர் வீட்டில் மின்விசிறி மாட்டியபோது, பரணில் பழைய காலண்டருக்குள் கிடந்த 8,000 ரூபாயை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனவன். அம்மா ஒளித்து வைத்து மறந்துபோன பணம். அப்படி ஒன்று இருப்பதே வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

கிளம்புகிற அன்று வாசலில் பெட்டிகளோடு நின்று என்னிடம் விவரம் சொன்னார். சாவி அவனிடம், மின்கட்டணம் அவன் கட்டுவான், செடிக்குத் தண்ணீர் அவன் ஊற்றுவான்.

“நல்ல பையன் சார்” என்றேன்.

“சும்மா கொடுப்பேனா? எல்லாம் விசாரிச்சுட்டேன்” என்று குரலைத் தாழ்த்தினார். “டிப்ளமோ ஹோல்டர். தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக். அங்க சீட் வாங்குறது லேசுன்னு நினைச்சீங்களா?”

“ஓ” என்றேன்.

கார் கதவைத் திறந்தவர், எனக்கு இன்னும் முழுசாக விளங்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். திரும்பி வந்தார்.

“எங்க பின்பக்கம்தான் சார் அது. நம்ம மான் ராத்திரியில சுவரைத் தாண்டிச்சுன்னா, அங்கதான் மேயும்.”