மின்தூக்கிக்குள் ஒட்டியிருக்கும் அந்தத் தாள்

(சிங்கப்பூர் வாசகர்களின் மின்தூக்கிக் கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்)

கேள்வி: எங்கள் புளோக் லிஃப்டில் ஏதோ ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். குடிவந்த நாளிலிருந்து பார்க்கிறேன், படித்ததில்லை. படிக்க வேண்டுமா? – பொங்கோல் வாசகி

பதில்: இன்றைக்கே படியுங்கள். மேலே போய்ச் சேருவதற்குள் படித்துவிடலாம். அதுதான் இயக்க அனுமதி. கட்டட, கட்டுமான ஆணையம் கொடுப்பது. அது இல்லாமல் அந்தப் பெட்டி ஆளை ஏற்றிக்கொண்டு ஓர் அங்குலம்கூட நகரக் கூடாது. முழுவதும் படிக்கப் பொறுமை இல்லையென்றால் காலாவதித் தேதியை மட்டும் பாருங்கள். தேதி தாண்டியிருந்தால் நகர மன்றத்துக்குப் போன் போடுங்கள். புது அனுமதி வந்தும் தாளை மாற்ற மறந்திருக்கலாம். அனுமதியே வராமலும் இருக்கலாம். எது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தயங்காதீர்கள்.

கேள்வி: என் டிரைவிங் லைசென்ஸை வருஷா வருஷம் யாரும் புதுப்பிக்கச் சொல்வதில்லை. லிஃப்டுக்கு மட்டும் ஏன் வருஷத்துக்கு ஒருமுறை அனுமதி? – ஈசூன் வாசகர்

பதில்: உங்களுக்கு ஓட்டுவது மறக்காது. ஆனால் பிரேக் தேயும்.

கொஞ்சம் விரித்தும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விதிக்குப் பின்னால் மனிதர்கள் இருக்கிறார்கள். 2015 அக்டோபரில் ஜூரோங்கில் 85 வயது மூதாட்டி ஒருவர் மின்தூக்கிக் கதவில் சிக்கித் தன் கையை இழந்தார். 2016 மே மாதம் பாசிர் ரிஸ்ஸில் ஒரு முதியவர் தம் மின் சக்கர வாகனத்தைப் பின்னோக்கி எடுத்து வெளியே வந்தார். பெட்டி தரைமட்டத்துக்கு மேலே நின்றிருந்தது அவருக்குத் தெரியவில்லை. விழுந்தவர் பிழைக்கவில்லை. அதற்கு முன்பும் ஆண்டுச் சோதனை இருந்தது. உரிமையாளர் சான்றிதழை ஆணையத்திடம் ஒப்படைத்தால் போதும் என்ற நிலை. 2016 ஜூலையில் விதி இறுகியது. ஆணையம் அனுமதி கொடுத்தால்தான் ஓட்டலாம், கொடுத்த அனுமதியை எல்லாரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்றானது. அந்தத் தாள் உங்கள் கண்ணில் படும்படி இருப்பதே அந்த மாற்றத்தின் பலன்.

கேள்வி: அந்த வருடாந்தரச் சோதனையில் உண்மையிலேயே எதையாவது சோதிக்கிறார்களா, இல்லை கையெழுத்து மட்டும்தானா? – தோ பாயோ வாசகர்

பதில்: சோதிக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை சுமை ஏற்றாமல், ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுச் சுமையோடு.

முழுச் சுமைச் சோதனையை ஒருமுறை பார்த்தவருக்கு மின்தூக்கி மேல் மரியாதை வந்துவிடும். இரும்பு எடைக் கட்டிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து பெட்டிக்குள் அடுக்குவார்கள். மனிதர் யாரும் உள்ளே இல்லை. பெட்டி இறங்கும்போது வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் கயிற்றைப் பிடித்து நிறுத்துவார்கள். உடனே பெட்டியோடு பிணைந்த ஆப்புகள் இரண்டு பக்கத்துத் தண்டவாளத்தையும் கவ்வும். பெட்டி நின்றாக வேண்டும். கவ்விய இடத்தில் தண்டவாளத்தில் பளபளவென்று தழும்பு விழும். தொழில்நுட்பர் அரத்தை எடுத்து அதைத் தேய்த்துச் சமப்படுத்திவிட்டுத்தான் கிளம்புவார். அப்படியே விட்டால் அடுத்த நாள் முதல் பயணத்திலேயே அது உங்கள் காலில் உதறலாகத் தெரியும்.

சோதனையைச் செய்வது பராமரிப்பு நிறுவனத்தின் ஆட்கள். பக்கத்தில் நின்று பார்த்துச் சான்றளிப்பவர் மின்தூக்கித் துறைக்கென்றே பதிவு பெற்ற சிறப்பு நிபுணத்துவப் பொறியாளர். அந்தச் சான்று இருந்தால்தான் உரிமையாளர் அனுமதிக்கு விண்ணப்பிக்க முடியும். வேலை செய்பவர் ஒருவர், சரி என்று சொல்பவர் வேறொருவர். இந்த இரண்டு கையையும் ஒரே உடம்பில் சேர்த்துவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பே கிடையாது.

கேள்வி: சினிமாவில் கயிறு அறுந்து லிஃப்ட் விழுகிறதே, நிஜத்தில்? – செங்காங், மூன்றாம் வகுப்பு மாணவி

பதில்: கண்ணு, கயிறு ஒன்று இல்லை, பல. எல்லாம் அறுந்தாலும் பெட்டியைப் பிடித்து நிறுத்தும் கருவி உண்டு. 1854இல் நியூயார்க் பொருட்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் தாமே மேடையில் ஏறி நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது. அவரும் விழவில்லை, நீயும் விழமாட்டாய். ஆனால் உள்ளே குதித்து விளையாடாதே.

கேள்வி: மாதம் ஒருமுறை ஒரு தம்பி வந்து தடுப்பு வைக்கிறார். நாங்கள் எல்லாம் பக்கத்து லிஃப்டுக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அப்படி என்னதான் செய்கிறார்? – தெம்பனிஸ் வாசகி

பதில்: அம்மா, உங்கள் உயிரைக் காப்பது பெரும்பாலும் அந்தத் தம்பிதான். பொறியாளர் ஆண்டுக்கு ஒரு நாள் வருகிறார். மிச்ச நாளெல்லாம் மின்தூக்கி இவர் கையில்.

அவர் முதலில் குனிந்து பார்ப்பது வாசற்படிப் பள்ளத்தை. கதவு ஓடும் அந்த ஒல்லியான தடத்தில் மணல், சாத்தே குச்சி, ஊதுபத்தி அட்டை, உடைந்த பொம்மைக் கால் எல்லாம் கிடக்கும். மின்தூக்கிக் கோளாறுகளில் பெரும்பங்கு கதவில்தான் தொடங்குகிறது. அப்புறம் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று ஒவ்வொரு மாடியாக நகர்ந்து, வாசல் கதவுகளின் பூட்டு முனைகளைப் பார்ப்பார். பிரேக் பட்டை எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பெட்டித் தரையும் மாடித் தரையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா, அபாய மணி அடிக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இதை அரைகுறை நேரத்தில் முடிக்க முடியாது. "எப்ப முடியும் தம்பி?" என்று ஆளுக்கொரு முறை கேட்டால் அவர் எதையாவது விட்டுவிட்டுப் போவார். எதை விட்டார் என்பது நமக்குத் தெரியாது. அந்தத் தடுப்பு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் சந்தோஷப்படுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கேள்வி: நான் இதே துறையில் வேலை செய்கிறேன். கதவுப் பூட்டில் கோளாறு என்றால் ஒரு ஒயரைப் போட்டு ஓட்டிப் பார்ப்பது உண்டு. மேலதிகாரி அவசரப்படுத்தினால் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வந்து சரிசெய்தால் என்ன? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: விடவே கூடாது. சோதிக்கும்போது ஒயர் போடுவது வேறு, போட்ட ஒயரோடு மக்களை ஏற்றுவது வேறு.

2011 டிசம்பரில் நியூயார்க்கின் மேடிசன் அவென்யூவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வேலை செய்தவர்கள் கதவுப் பாதுகாப்புச் சுற்றை ஒரு ஒயரால் தாண்டிவிட்டிருந்தார்கள். அதை எடுக்காமலேயே மின்தூக்கி ஓட விடப்பட்டது. கதவு மூடும் முன்பே பெட்டி மேலே எழும்பியது. உள்ளே காலெடுத்து வைத்த பெண் அங்கேயே இறந்தார். நகர அதிகாரிகள் விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பழுது பார்த்த மின்தூக்கியை மறுபடி ஓட விடும் முன் நகராட்சிக்குச் சொல்லி ஆய்வு செய்திருக்க வேண்டும். அதையும் செய்யவில்லை. ஆய்வுக்கு ஒருவர் வந்திருந்தால் அந்த ஒயர் கண்ணில் பட்டிருக்கும்.

உங்கள் மேலதிகாரி மறுபடி அவசரப்படுத்தினால், மின்தூக்கியை நிறுத்தியிருப்பதாக எழுத்தில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். குறுஞ்செய்தியும் எழுத்துதான். ஒயரை எண்ணி எடுத்து வந்தீர்கள், எண்ணித் திரும்ப எடுத்துப் போங்கள்.

கேள்வி: லிஃப்ட் யாருடைய சொத்து? கெட்டுப்போனால் யாரைத் திட்டுவது? – புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக் என்றால் பொறுப்பு நகர மன்றத்துடையது. கொண்டோ என்றால் நிர்வாகக் குழுவுடையது. அந்தக் குழுவைத் தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், ஆகவே ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆகக் குறைந்த விலை கேட்டவரைத் தேர்ந்தெடுக்கக் கை தூக்கும் முன், அந்த விலையில் மாதம் எவ்வளவு நேரம் ஒரு மின்தூக்கிக்குச் செலவிடுவார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிவு பெற்ற நிறுவனம்தானா என்பது சட்டம் பார்த்துக்கொள்ளும் விஷயம். நேரம் கொடுக்கிறாரா என்பதைப் பார்ப்பது உங்கள் வேலை.

கேள்வி: மாதாமாதம் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறேன். அதில் லிஃப்டுக்கு என்ன போகிறது? – அங் மோ கியோ வாசகர்

பதில்: 2017 ஏப்ரல் முதல் நகர மன்றங்கள் மின்தூக்கி மாற்றுவதற்கென்றே தனி நிதி வைத்திருக்க வேண்டும். கட்டண வருமானத்திலும் அரசு மானியத்திலும் குறைந்தது 14 விழுக்காடு அதற்குள் போக வேண்டும். ஒரு வீவக மின்தூக்கியை ஏறக்குறைய 28 ஆண்டில் மாற்ற வேண்டும் என்பது கணக்கு. நடுவயதுப் பெட்டிகளுக்குப் புதுப் பாதுகாப்புக் கருவிகள் பொருத்த, பத்தாண்டுக்கு 450 மில்லியன் வெள்ளித் திட்டம் ஒன்றை 2016இல் அறிவித்தார்கள். செலவில் 90 விழுக்காடு வரை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்கும் என்பது அப்போதைய ஏற்பாடு. கதவு திறந்திருக்கையில் பெட்டி நகர்ந்தால் பிடித்து நிறுத்தும் கருவியும் அந்தப் பட்டியலில் உண்டு. மேடிசன் அவென்யூவை நினைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் அப்பா மூன்று மாடி வீடு கட்டுகிறார். லிஃப்ட் வைக்கப் போகிறோம். "சொந்த வீட்டுக்கு எதுக்குங்க லைசென்ஸ்?" என்கிறார் மேஸ்திரி. – உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: மேஸ்திரி சுவர் கட்டட்டும், சட்டம் சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டே மின்தூக்கிக்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது. பொருத்தும் முன் ஓர் அனுமதி, பொருத்திய பின் ஓட்டுவதற்கு உரிமம். இரண்டையும் பார்ப்பது மின் ஆய்வுத் துறை. விற்பனையாளரே விண்ணப்பித்துத் தருகிறேன் என்பார். நல்லது, ஆனால் உரிமம் அப்பா பெயரில் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் அதே நாளில் எழுதிவிடுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீடு. நீங்கள் இங்கே, அவர்கள் அங்கே.

கேள்வி: உள்ளே மாட்டிக்கொண்டால்? – பீஷான் வாசகி

பதில்: மணியை அழுத்துங்கள், பேசுங்கள், உட்காருங்கள். பெட்டியில் காற்றோட்டம் உண்டு, மூச்சு முட்டாது. கதவை நெம்பாதீர்கள். இரண்டு மாடிக்கு நடுவே நிற்கும் பெட்டியிலிருந்து இறங்கப் பார்ப்பவர் கால் வைக்கும் இடத்துக்குக் கீழே பள்ளம் இருக்கிறது. கூட இருப்பவருக்கு நெஞ்சுவலி, மயக்கம் என்றால் உடனே 995.

கேள்வி: லிஃப்டில் சிறுநீர் கழிப்பவர்களை என்ன செய்யலாம்? – ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: 1980களின் பிற்பகுதியிலேயே இந்த ஊர் அதற்குக் கருவி கண்டது. சிறுநீர் பட்டால் மணி அடித்தது, கதவு திறக்கவில்லை, ஆள் உள்ளேயே மாட்டிக்கொண்டார். நாற்றம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த உப்புநீர் வாசற்படி உலோகத்தை அரிக்கிறது. கதவு கெடுவது எங்கே தொடங்கும் என்று மேலே சொன்னேன். நாயை அழைத்துப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: மகன் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் படிப்பை முடிக்கப் போகிறான். மின்தூக்கி வேலைக்குப் போகலாமா? – தேக்கா வாசகி

பதில்: தாராளமாக. கைத்தொழிலும் மின்னணுவும் சேர்ந்த வேலை, தேவை குறையப்போவதில்லை. இந்தத் துறைக்குப் படிப்படியாக உயரும் சம்பள முறையும் வந்திருக்கிறது. கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நள்ளிரவில் போன் வரும், இருட்டுக் கூண்டில் கிரீஸோடு நிற்க வேண்டும், குடியிருப்பாளர்களின் கோபமும் அவன் தலையில்தான் விழும். நேர்காணலுக்குப் போகும்போது சம்பளத்தைக் கேட்கும் முன் ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள்: "ஒரு தொழில்நுட்பருக்கு மாதத்துக்கு எத்தனை மின்தூக்கி கொடுப்பீர்கள்?" எண்ணைச் சொல்லத் தயங்கும் நிறுவனத்தில் சேர வேண்டாம்.