பன்னீர் மணக்கும் பாதை

கேள்வி: பிரான்சில் திராட்சைத் தோட்டங்களையும் பழைய கோட்டைகளையும் சைக்கிளில் சுற்றுகிறார்களாமே, புதுச்சேரி லாஸ்பேட்டைக்காரருக்கு அப்படி ஒரு பாதை உண்டா?

பதில்: பழமை பக்கத்திலேயே இருக்கிறது, திராட்சைதான் 400 கிலோமீட்டருக்கு அப்பால்!

முதலில் கடலூர் சாலையில் மிதித்து அரிக்கமேட்டுக்குப் போகலாம். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, மத்தியதரைக்கடல் நாடுகளிலிருந்து மது வந்த ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் கால்வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மது வந்து இறங்கிவிட்டது.

திராட்சைக் கொடியையே பார்க்க வேண்டுமென்றால் கம்பம் பள்ளத்தாக்குதான். சைக்கிளைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவது முழங்காலுக்கு நல்லது. கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி வழியாக அருவி வரை ஒரு நாள். கூடலூர், லோயர் கேம்ப் இன்னொரு நாள். வழியெல்லாம் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சை. ஆண்டு முழுக்க அறுவடை நடப்பதால் எந்த மாதம் போனாலும் ஏதாவதொரு தோட்டத்தில் பழம் இருக்கும். 2023-இல் இந்தத் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-இல் அதைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்கிறார்கள். புதுச்சேரிக்காரர் உரிமையோடு அரை கிலோ கூடுதலாக வாங்கலாம்!

லோயர் கேம்ப்பில் கட்டாயம் இறங்க வேண்டிய இடம் பென்னிகுவிக் மணிமண்டபம். மேற்கே ஓடிய பெரியாற்று நீரை, அவர் கட்டி 1895-இல் முடிந்த அணையும் மலையைக் குடைந்த சுரங்கமும் கிழக்கே திருப்பின. அந்த நீர் இல்லாமல் இந்தப் பச்சை இல்லை. பொங்கலன்று அவருக்காகப் பானை வைக்கும் ஊர்கள் அங்கே உண்டு.

அதற்கு மேல் குமுளி மலையேற்றம். கியர் இல்லாத சைக்கிள் என்றால் கீழேயே நின்று திராட்சை சாப்பிடலாம்.