நான் பாக்கலியே!

எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் இந்தச் சித்தப்பாவைப் பார்க்கலாம். யாருக்குச் சித்தப்பா என்று கேட்காதீர்கள்; மண்டபத்துக்கே சித்தப்பா. தோளில் துண்டு, சட்டைப் பையில் மடித்த பட்டியல், முகத்தில் முகூர்த்தக் கவலை. கல்யாணத்தை நடத்தி வைப்பவர் புரோகிதர் என்பது ஊரார் நினைப்பு. தான்தான் என்பது இவர் நினைப்பு.

விடியற்காலை நாலு மணிக்கே சமையற்கட்டில் ஆஜர். காலமெல்லாம் கரண்டி பிடித்த தவசுப்பிள்ளையிடம், "சாம்பார்ல பெருங்காயம் போட்டாச்சா?" என்பார்.

"போட்டாச்சுங்க."

"எப்பப் போட்டீங்க? நான் பாக்கலியே!"

இவர் பார்க்காதது நடக்காதது. இலையின் நுனி இடப்பக்கம் இருக்க வேண்டும் என்று, பல் முளைத்த நாளாய் இலையில் சாப்பிடுகிறவர்களுக்குப் பாடம் எடுப்பார். பரிமாறுகிற பையனிடமிருந்து பாயச வாளியைப் பிடுங்கி, "இப்படி ஊத்தணும்டா" என்று ஒரு பெரியவரின் பட்டு வேட்டியில் ஊற்றிக் காட்டுவார். கையோடு, "நான் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்!" என்பார். வேட்டிக்காரருக்குப் பதில் தெரியும். சபை மரியாதைக்காகச் சும்மா இருப்பார்.

சித்தப்பாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அமெரிக்க உளவியலாளர் எலன் லாங்கர் 1975-இல் வெளியிட்ட ஆய்வில், லாட்டரிச் சீட்டைச் சிலர் தாங்களே பொறுக்கி எடுக்க விட்டார். சிலருக்குக் கையில் கொடுத்துவிட்டார். பிறகு திருப்பி விலைக்குக் கேட்டபோது, கொடுத்ததை வாங்கிக்கொண்டவர்கள் சராசரியாக 2 டாலர் கேட்டார்கள். பொறுக்கி எடுத்தவர்களோ கிட்டத்தட்ட 9 டாலர்! பரிசு விழும் வாய்ப்பு எல்லாச் சீட்டுக்கும் ஒன்றுதான். தன் கை பட்டால் அதிர்ஷ்டமும் அடங்கி நடக்கும் என்கிற இந்த நினைப்புக்குக் 'கட்டுப்பாட்டு மாயை' என்று பெயர். சித்தப்பா எட்டிப் பார்த்த சாம்பாருக்குத் தனி ருசி வருவதும் இப்படித்தான்.

அதட்டலுக்கு அடியில் இருப்பது பயம். மழை வருமா, மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணுமா, இதெல்லாம் அவர் கையில் இல்லை. பெருங்காயம் இருக்கிறது. அதனால் அதைப் பிடித்துக்கொள்கிறார்.

ஆகவே, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இவர் வந்தால் வாதாடாதீர்கள். "சித்தப்பா, உங்களை விட்டா யாரு?" என்று ஸ்டோர் ரூம் சாவியைக் கையில் கொடுத்துவிடுங்கள். கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். பந்தி நிம்மதியாக நடக்கும். காப்பிப் பொடியை மட்டும் முன்கூட்டியே வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.