சேது நாட்டுக் குடித்தனக்காரர் லட்சணம்

மனையடி சாஸ்திரம் வீடு கட்டுவோருக்கு உரியது. பத்திரப் பதிவு நூல்கள் வீடு வாங்குவோருக்கு உரியவை. கட்டவும் வகையில்லாமல், வாங்கவும் வழியில்லாமல், மாற்றல் உத்தரவு ஒன்றைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு இராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் பெட்டியும் மனைவியுமாக இறங்கி நிற்கும் கிரகஸ்தனுக்கென்று எந்த முனிவரும் ஒரு சூத்திரம் கூடச் செய்து வைத்ததாகத் தெரியவில்லை. அக்குறையைக் களைய எழுந்தது இச்சிற்றாய்வு. இதன் எல்லை வடக்கே தேவிபட்டினம், தெற்கே ஏர்வாடி, கிழக்கே இராமேசுவரம். இதன் பொருள், பிள்ளைகள் துபாய்க்கும் சென்னைக்கும் போய்விட, முதியோர் இருவரும் ஒரு சுவர்க்கடிகாரமும் மட்டும் எஞ்சி நிற்கும் பழைய தெருக்களில் வாடகைக்குக் குடிபோவது.

முதலில் தொன்மையை நாட்டுவதே ஆய்வு மரபு. திருப்புல்லாணியில் இராமபிரான் தர்ப்பைப் புல்லின்மேல் மூன்று நாள் கிடந்து சமுத்திரராஜனிடம் வழி வேண்டினார் என்பது புராணம். வேண்டியது வழியேயன்றி வீடு அன்று எனச் சிலர் தடை கூறக்கூடும். ஆயினும் இடத்துக்கு உரியவர் மூன்று நாளும் வாய் திறவாதிருந்ததும், வந்தவர் வில்லைக் கையிலெடுத்த பிறகே வெளிப்பட்டு மரியாதையாகப் பேசத் தொடங்கியதும், போனை எடுக்காத இக்கரை வீட்டுக்காரர்களின் வழக்கம் எத்துணைப் புராதனமானது என்பதற்குப் போதிய சான்றாகும். சரித்திர காலத்துக்கு இறங்கினால் ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பெனியைக் காண்கிறோம். 1658இல் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்துக்கொண்ட அக்கம்பெனியார், இச்சேது நாட்டை ஆண்ட சேதுபதிகளோடு உடன்படிக்கை செய்து, கீழக்கரையில் பண்டகசாலை வைத்துச் சங்கும் துணியும் வாங்கினர். ஒதுங்க இடம் கேட்டு வந்து, இடம் கிடைத்ததும் வேறு ஐரோப்பியரை இக்கரையில் அண்டவிடலாகாது என்று வீட்டுக்காரருக்கே நிபந்தனை விதிக்க முற்பட்ட அவர்களை, இப்பிரதேசத்தின் முதல் வில்லங்கக் குடித்தனக்காரர் என வகைப்படுத்துவதில் பிழையில்லை. இனி, அரசாங்கமே தந்த சான்று ஒன்றும் உண்டு. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து நிலம் வெட்டியெடுத்து 1910இல் இராமநாதபுரம் ஜில்லா அமைந்தபோது, அதன் கலெக்டர் அலுவலகம் போய் உட்கார்ந்தது மதுரையில். அங்கேயே நெடுங்காலம் இருந்தது. ஒரு ஜில்லா முழுவதும் அடுத்த ஜில்லாவின் தலைநகரில் ஒட்டுக்குடித்தனம் நடத்திய அந்த வரலாற்றை நோக்க, இவ்வூர் மக்களுக்குக் குடித்தனக்காரர் மீது இயல்பாகவே அனுதாபம் இருந்திருக்க வேண்டும். இல்லை என்பதே ஆய்வில் கண்டது.

வீடுகளோ ஏராளம். கீழக்கரையின் நடுத்தெரு, வடக்குத்தெரு, மேலத்தெரு ஆகியவற்றில் பிற்பகல் மூன்று மணிக்கு நடப்பவன், தேக்குக் கதவும் பித்தளைப் பூட்டும் கொண்ட எத்தனையோ வீடுகளைக் கடந்து, ஒரு மனிதரையும் காணாமல் கடற்கரைக்குப் போய்ச் சேரலாம். பெண்ணுக்குக் கல்யாணத்தின்போது வீட்டைக் கொடுத்து, மாப்பிள்ளையை அங்கே வரவழைத்துக்கொள்வது அவ்வூர் மரபாதலால், மூன்று பெண்களைப் பெற்றவர் மூன்று வீடு கட்டியாக வேண்டும். பெண்கள் மூவரும் கணவன்மாரோடு வளைகுடாவுக்குப் போய்விட்டால் மூன்று வீடும் பூட்டிக் கிடந்தாக வேண்டும். பூட்டிய வீட்டுக்குக் கடற்காற்று சத்துரு. காற்றிலுள்ள உப்பு காரைக்குள் புகுந்து கம்பியைத் துருவேற்ற, துருவானது தான் தின்ற இரும்பினும் பருத்து வீங்கி, கூரையின் அடிப்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது; கீழிருந்து உவர் ஏறிச் சுண்ணாம்பைப் பொரிய வைக்கிறது; நடுவில் எஞ்சியதைக் கரையான் கவனித்துக்கொள்கிறது. ஆள் புழங்கிச் சன்னல் திறந்து மூடப்படும் வீடு இவற்றை நின்று தாங்கும். பூட்டிய வீடு தாங்காது. ஆகவே வீட்டுக்காரருக்கு வேண்டியது பணம் அன்று, புழக்கம். இவ்வொரு சூத்திரத்தை மனத்தில் கொண்டால் பின்வருவன யாவும் தெளிவாகும்.

வீடு காலியிருப்பதை அறியப் பிரத்தியட்சம் உதவாது. தெருவில் பலகை தொங்காது. பலகை மாட்டுவது, யார் வந்தாலும் கொடுப்போம் என்று ஊருக்குச் சொல்வதாகும் என்ற அச்சம் வீட்டுக்காரர்களுக்கு உண்டு. அனுமானமும் பயன் தராது: பூட்டு இருப்பதால் ஆள் இல்லை எனலாம், ஆள் இல்லாமையால் வாடகைக்கு விடுவார்கள் எனல் ஆகாது. எஞ்சுவது ஆப்தவாக்கியம், அதாவது நம்பத்தக்கவர் சொல். மளிகைக் கடைக்காரர், பள்ளிவாசல் பக்கத்து டீக்கடைக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ஆகிய மூவரும் ஆப்தர் எனப்படுவர். இவர்களுள் கேஸ் போடுகிறவரே உத்தமர், எந்த வீட்டில் அடுப்பு எரிவதில்லை என்பது அவருக்குத்தான் தெரியும்.

வீடு தெரிந்ததும் பரீட்சை. நெதர்லாந்து தேசத்தில், அதாவது மேற்படி ஒல்லாந்தரின் சொந்த ஊரில், வாடகையைப் புள்ளிக் கணக்கால் நிர்ணயிக்கிறார்கள். சதுர மீட்டருக்கு இத்தனை, குளிர் காக்கும் திறனுக்கு இத்தனை, சமையல் மேடை ஒரு மீட்டருக்குக் குறைந்தால் பூஜ்யம், இரண்டு மீட்டருக்குள் இருந்தால் 4, இரண்டை எட்டினால் 7 என்று புள்ளி போட்டுக் கூட்டி, அதற்குமேல் வாடகை கேட்கலாகாது என்கிறது சட்டம். 2024 ஜூலை முதல், புதிதாக வாடகைக்கு விடும் வீடுகளில் 186 புள்ளி வரையுள்ளவை இவ்வரம்புக்குள் வந்துவிட்டன. இராமநாதபுரம் கரையிலும் புள்ளி உண்டு. அங்கே வீட்டுக்குப் போடுகிறார்கள், இங்கே குடித்தனக்காரருக்குப் போடுகிறார்கள் என்பதே பேதம். கல்யாணம் ஆகாத இளைஞன் எத்தனை பெரிய உத்தியோகஸ்தனாயினும் வாசற்படியிலேயே தேர்வு இழக்கிறான். அரசாங்க உத்தியோகமும் மாற்றல் சாத்தியமும் சேர்ந்திருந்தால் பெருமதிப்பெண். ஏனெனில் அவர் ஒருநாள் தாமே போய்விடுவார். ‘சொந்த ஊர் எது?’ என்ற கேள்விக்குப் பூகோள விடை கூறுவது பேதைமை. கேட்பவர் அறிய விரும்புவது ஊருக்குள் எந்தத் தெரு என்பது, தெருவிலிருந்து மற்றதைத் தாமே வருவித்துக்கொள்வார். இராமேசுவரத்துச் சன்னிதித் தெருக்களில் கறி சமைப்பவருக்கும், வேறு சில தெருக்களில் சமைக்காதவருக்கும் புள்ளி குறையும் என்பதை ஆய்வாளன் வெட்கத்தோடு பதிவு செய்கிறான். ஆனால் சென்னை வீட்டுக்காரர் கண்டால் முகம் சுளிக்கும் கைக்குழந்தை இங்கே ஏகப்பட்ட புள்ளி பெறுகிறது. பத்தாண்டுகளாகக் குழந்தை அழுகை கேளாத தெரு அது. கணக்கெல்லாம் பார்த்துக் கடுகடுத்திருந்த வீட்டுக்கார மாமி, குழந்தையைக் கையில் வாங்கித் தொதல் இனிப்புத் துண்டொன்றை அதன் வாயில் வைத்ததும் வாடகையில் ஐந்நூறு தானாக இறங்குகிறது.

“வாடகை என்ன தம்பி, பெரிய வாடகை! நம்ம வீடு மாதிரி பாத்துக்கிட்டீங்கன்னா போதும்” என்பது அப்போது மாமி சொல்லும் வாக்கியம். வாடகைப் பத்திரம் முழுவதும் இவ்வொரு வாக்கியத்தில் அடக்கம். பாஷ்யம் மட்டும் நீண்டது. திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து குழாய் வழியாக வரும் நல்ல தண்ணி விடியற்காலை எந்த நாழிகையில் வருமென்று எவரும் அறியார். அது வந்ததும் எழுந்து சம்ப்பை நிரப்பி, பக்கத்துப் பகுதியிலிருக்கும் மாமியின் குடங்களையும் நிரப்ப வேண்டும். போர்த் தண்ணி உப்பாதலால் அது குளிக்க மட்டும். கரண்டு பில், பென்ஷன் பாங்கி, சர்க்கரை மாத்திரை, கண் ஆஸ்பத்திரி ஆகியவை அடுத்த பகுதி. வெள்ளிக்கிழமை தோறும் துபாய் மகனுக்கு வீடியோ அழைப்பில் முகம் காட்டிக் கொடுக்க வேண்டும். போனை மாமி காதில் வைத்துக்கொண்டு பேசுவார். மகனுக்குத் தெரிவது தாயின் காதும் அதிலுள்ள தோடும் மட்டுமே. போனை மெல்லத் திருப்பி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, குடும்ப விவகாரம் முழுவதும் கேட்டும் கேளாதவனாக நிற்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். இவ்வளவும் மகன் செய்ய வேண்டியவை. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்பவன் வேலைக்காரன். ஒன்றும் வாங்காமல் செய்பவன் மகன். மாதம் ஐந்தாம் தேதிக்குள் தானே பணமும் கொடுத்துச் செய்பவன் குடித்தனக்காரன். உலகில் வேறெந்த உத்தியோகத்திலும் இந்த ஏற்பாடு இல்லை.

வீட்டில் ஓர் அறை எப்போதும் பூட்டியிருக்கும். ‘நம்ம சாமான் கொஞ்சம் கிடக்கு’ என்பார்கள். ஊஞ்சற் பலகை, கொழும்பிலிருந்து வந்த பீங்கான், கல்யாணச் சட்டி, மணவறைக் கட்டில் எல்லாம் உள்ளே. நான்கு அறைக்கு வாடகை கொடுத்து மூன்றில் இருப்பவர், நாலாவது அறைக்குக் கரையான் மருந்து அடிக்கும் பொறுப்பையும் ஏற்கிறார்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தெருவும் அதிகம் கேட்பதில்லை. 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலாயிற்று. எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், வேறு உடன்பாடு இல்லையெனில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டலாகாது என்கிறது. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்ட விதிக்கு அஞ்சிப் பதினோரு மாதம் என்று எழுதும் பழக்கமோ இன்னும் மாறவில்லை. ஒத்தி என்பது வேறு: சில லட்சத்தை மொத்தமாகக் கொடுத்து வாடகையின்றி இருந்து, போகும்போது முழுத்தொகையையும் வாங்கிக்கொள்வது. வாங்கிக்கொள்வது என்பது இலக்கணம். புது ஒத்திக்காரர் வரும்வரை காத்திருப்பது வழக்கு.

இனி, காலி செய்தல். பேத்திக்குச் சம்பந்தம் கூடியதும் வீடு பேத்திக்கு ஆகிறது. மாமி நேரே சொல்லமாட்டார். சோற்றுச் சட்டியோடு வந்து, மாப்பிள்ளை வீட்டாரின் குணநலன்களை அரைமணி நேரம் வருணித்து, கடைசியில் ‘வெள்ளையடிக்கணும்ல தம்பி’ என்று நிறுத்துவார். அதுவே நோட்டீஸ். வெள்ளையடிப்பவரைப் பேசி அழைத்து வருவதும், பத்திரிகை அச்சாபீசில் பிழை பார்ப்பதும், இராமநாதபுரத்தில் உள்ள உறவினர் வீடுகளுக்குப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுப்பதும் காலி செய்கிறவரின் கடமைகளே. கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை விசா வந்ததும் பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட, இன்னொரு ஊரின் இன்னொரு தெருவில் சாமான் இறக்கிக்கொண்டிருக்கும் பழைய குடித்தனக்காரருக்குப் போன் வரும்: “தம்பி, வீடு சும்மாத்தான் கிடக்கு. ஒங்க ஆபீஸ்ல யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க. கைப்புள்ள உள்ளவங்களாப் பாருங்க.”