கருத்து வைத்துக்கொள்ள அனுமதி கோரும் மனு

பெறுநர்:
டின்டின் உரிமைக் காப்பாளர்கள்,
(முன்பு மூலன்சார், தற்போது டின்டினிமாஜினாஷியோ),
பிரஸ்ஸல்ஸ், பெல்ஜியம்.

பொருள்: 2011இல் வெளியான ‘டின்டினின் சாகசங்கள்: யுனிகார்னின் ரகசியம்’ திரைப்படம் – அதை விரும்பவும் வெறுக்கவும் முன் அனுமதி கோருதல் – தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

மேற்படி படம் அக்டோபரில் ஐரோப்பாவுக்கும் நவம்பரில் எங்கள் இந்தியாவுக்கும் வந்தது. டிசம்பரில்தான் அமெரிக்கா போனது. ஹாலிவுட் படம் ஒன்று சொந்த ஊருக்கு இவ்வளவு தாமதமாகப் போவது அபூர்வம். சித்திரக்கதை நாயகன் டின்டினை அங்கே அவ்வளவாகத் தெரியாது, தெரிந்தவர்கள் முதலில் பார்த்துச் சண்டை போட்டு முடிக்கட்டும் என்று எண்ணினார்கள் போலும். சண்டை இன்னும் முடியவில்லை. அதனால்தான் இந்த மனு.

இந்தப் படத்தைப் பற்றி அடியேனுக்கும் ஒரு கருத்து உண்டு. அதை அப்படியே வெளியே சொல்லத் துணிவில்லை. டின்டினின் நெற்றிச் சுருள்முடி முதல் அவன் நாய் ஸ்னோயியின் வால்நுனி வரை தங்கள் பொறுப்பில் இருப்பதை உலகறியும். அவற்றை மனத்தில் நினைத்துப் பார்ப்பதும் ‘பயன்படுத்துதல்’ என்ற கணக்கில் வருமா? வருமென்றால் எனக்கு நாற்பது வருடப் பாக்கி இருக்கிறது. முதலில் அதற்கு ஒரு ரசீது போட்டுக் கொடுங்கள். பிறகு கருத்துக்கு வருவோம்.

எங்கள் வீட்டு நிலவரத்தைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். பெரியப்பா புத்தகக் கட்சி. அக்கா மகன் படக் கட்சி. இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்து இந்தப் படத்தைப் போட்டது யார் என்று வீட்டில் இன்றுவரை விசாரணை நடக்கிறது. படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பெரியப்பா, “கண்ணு எங்கடா?” என்றார். “இருக்கே தாத்தா, எவ்வளவு பெருசா இருக்கு பாருங்க” என்றான் பையன். “அதைத்தான்டா கேக்குறேன். புள்ளி எங்க?”

இந்தக் கேள்விக்குப் படத்தின் அனிமேஷனைச் செய்த வெட்டா டிஜிட்டலிடம் பதில் இல்லை. எர்ஜே வரைந்த டின்டினுக்குக் கண் என்பது மைப்புள்ளிதான். எங்கும் ஒரே கனத்தில் ஓடும் கோடு, நிழல் விழாத தட்டையான வண்ணம், மனிதர்களைச் சுற்றி மட்டும் கப்பலும் காரும் கட்டடமும் அளவெடுத்ததுபோல் துல்லியம். அந்தத் துல்லியத்தின் நடுவில் அநேகமாகக் காலியான ஒரு முகம். அந்தக் காலியிடத்தில்தான் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் தன் முகத்தைக் கொண்டுபோய் வைத்தது. படத்தில் டின்டினாக வந்த ஜேமி பெல்லின் நடிப்பைக் கருவிகளால் பதிவுசெய்து, அதன்மேல் தோல் போர்த்தி, தோலில் துவாரம் வைத்து, புருவத்தில் மயிர் நட்டு, கருவிழிக்குள் ஈரத்தையும் ஊற்றினார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முகத்தில் இனி யாரும் குடியேற இடமில்லை. அங்கே ஏற்கெனவே ஒரு பையன் இருக்கிறான். என் முதல் கருத்து இது. அனுமதி கிடைக்கும்வரை இதைப் படிக்காததாகப் பாவிக்கவும்.

புத்தகக் கட்சியின் மற்ற குற்றச்சாட்டுகளையும் சுருக்கமாகப் பதிவு செய்கிறேன். ‘பொன் நண்டு’, ‘யுனிகார்ன்’, ‘செந்தாடி ராக்கமின் புதையல்’ ஆகிய மூன்று கதைகளையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியது முதல் குற்றம். கலக்கியதில் பேராசிரியர் கால்குலஸ் காணாமல் போனது இரண்டாவது. காது கேளாத அந்த மனிதர் தன் சுறாமீன் வடிவ நீர்மூழ்கியோடு அறிமுகமாவதே மூன்றாவது புத்தகத்தில்தான். அந்தக் கண்டுபிடிப்பை விற்ற பணத்தில்தான் டின்டினின் நண்பர் கேப்டன் ஹாடாக்குக்கு மாளிகை கிடைக்கிறது. வீடு வாங்கிக் கொடுத்தவரையே கிரகப்பிரவேசத்துக்கு அழைக்காத படம் இது. விமானத்தில் எரிபொருள் தீர்ந்ததும் ஹாடாக் சாராய ஏப்பம் விட்டு இன்ஜினை ஓடவைப்பது மூன்றாவது. அந்தக் கட்டத்தில் பெரியப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். அதே ஹாடாக், தோல்வியில் துவண்டு கிடக்கும் டின்டினுக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பது நான்காவது. கோபம் வந்தால் தொல்லுயிர் ஆய்வு நூலில் இருக்கும் பெயர்களை எல்லாம் வசவாக எடுத்து வீசுகிற கேப்டன், பிளாட்பாரத்தில் விற்கும் வாழ்வில் வெல்ல நூறு வழிகள் வகைப் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்ததுபோல் பேசினால் நெஞ்சு பொறுக்குமா?

ஆனால் எனக்குப் பெரிய வருத்தம் சகாரீன் விஷயத்தில்தான். புத்தகத்தில் அவர் கப்பல் பொம்மை சேர்க்கிற ஒரு சாது. அடிபடுகிறாரே தவிர யாரையும் அடிப்பதில்லை. படத்தில் டேனியல் கிரெய்கின் குரலில் அவரே வில்லன். அதுவும் எப்படி? ஹாடாக்கின் முன்னோர் கொன்ற கொள்ளைக்காரனின் வாரிசு, வம்சப் பழி தீர்க்க வந்தவன். பாட்டன் சாவுக்குப் பேரன் பழிவாங்கும் கதைகளை எங்கள் ஊர்த் தியேட்டர்கள் நிறையவே பார்த்துவிட்டன, அதற்கு பிரஸ்ஸல்ஸ் வரை போக வேண்டியதில்லை. எர்ஜேயின் கதையில் தீமைக்கு வம்சாவளி கிடையாது. பழம்பொருள் விற்கும் பேர்ட் சகோதரர்களின் பேராசை, அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் பார்க்கக்கூடிய சாதாரணப் பேராசை என்பதால்தான் அதில் பயம் இருந்தது. துறைமுகத்தில் இரண்டு பளுதூக்கி இயந்திரங்களை வாள்போல் மோதவிட்டால் அந்தப் பயம் வந்துவிடுமா?

இனி படக் கட்சியின் வாதம். நியாயமாகச் சொன்னால் அதில் சத்து இருக்கிறது. எர்ஜே சினிமா பார்த்து வளர்ந்தவர். அவர் கட்டங்களில் கேமரா நகர்வது கண்ணுக்குத் தெரியும். படத்தை இயக்கிய ஸ்பீல்பெர்க் 1981இல் தன் இண்டியானா ஜோன்ஸ் படத்துக்கு வந்த பிரெஞ்சு விமர்சனத்தில்தான் டின்டின் என்ற பெயரை முதலில் கண்டார். எர்ஜேயும் ஸ்பீல்பெர்க்கை விரும்பினார். சந்திக்கும் முன்பே, 1983 மார்ச்சில், எர்ஜே காலமாகிவிட்டார். படத்தின் தொடக்கத்தில் பழைய சாமான் சந்தையில் ஓர் ஓவியர் டின்டினை வரைந்து கொடுப்பார். ஓவியருக்கு எர்ஜேயின் முகம், தாளில் இருப்பதோ புள்ளிக் கண் வைத்த பழைய டின்டின். பெரியப்பாவே அந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹாடாக் பாலைவனத்தில் நினைவு திரும்பித் தன் முன்னோரின் கதையைச் சொல்லச் சொல்ல மணல்மேடு கடலாக மாறும் காட்சியும், பக்கார் நகரில் அணை உடைந்து தண்ணீரோடு ஊரே சரியும் அந்த ஒரே மூச்சுத் துரத்தலும் தாளில் முடியாத காரியங்கள். அக்கா மகன் இதையெல்லாம் அழகாக எடுத்துச் சொன்னான். பெரியப்பா, “தாள்ல எதுக்குடா முடியணும்?” என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

தீர்ப்பு சொல்ல உலகமும் தயங்கியது. கோல்டன் குளோப், சிறந்த அனிமேஷன் படம் என்று விருது கொடுத்தது. ஆஸ்கர் அந்தப் பிரிவில் பரிந்துரைக்கக்கூட இல்லை. ஜான் வில்லியம்ஸின் இசையை மட்டும் பரிந்துரைத்துவிட்டு நகர்ந்தது.

இங்கேதான் தங்கள் அலுவலகத்தின் உதவி தேவைப்படுகிறது. ‘மூலத்துக்கு விசுவாசமாக இல்லை’ என்பது புத்தகக் கட்சியின் முழக்கம். எந்த மூலத்துக்கு? ‘கருந்தீவு’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1938இல் கறுப்பு வெள்ளை, 1943இல் வண்ணம். பிறகு பிரிட்டிஷ் பதிப்பாளர்கள், எங்கள் நாடு இப்படி இருக்காது என்று 131 பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்ப, எர்ஜே தன் உதவியாளர் பாப் டி மூரை அங்கே அனுப்பி எல்லாவற்றையும் பார்த்து வரச்சொல்ல, 1966இல் முழுதும் புதிதாக வந்தது. இந்தப் படத்துக்கே கருவான ‘பொன் நண்டு’ அமெரிக்கா போனபோது, அங்கே உள்ள பதிப்பாளருக்காகக் கறுப்பின மாலுமி வேறு ஆளாக மாறினார். ஹாடாக் பாட்டிலை வாயில் கவிழ்க்கும் கட்டங்கள் பறிபோயின. குடிகாரனிடமிருந்து குடியைப் பிடுங்கியது ஹாலிவுட் அல்ல, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே எர்ஜேயின் சொந்த மேசையில் நடந்துவிட்டது. ஆகவே, எந்தப் பதிப்பின் எந்தப் பக்கத்துக்கு ரசிகன் விசுவாசமாக இருக்க வேண்டும் என்று முத்திரையிட்ட சான்றிதழ் ஒன்று வழங்கினால் எங்கள் வீட்டில் அமைதி திரும்பும்.

விசுவாசத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் 1991இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் இருக்கிறது. பெரும்பாலும் புத்தகத்தை ஒட்டியே போகும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடிக்கும். அதைப் பற்றி ஒருநாளும் ஒருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

தங்கள் நிர்வாகத்தைப் பற்றியும் ஒரு பணிவான சந்தேகம். தமக்குப் பின் வேறு யாரும் புதிய டின்டின் கதை வரையக்கூடாது என்பது எர்ஜேயின் விருப்பம். அதைத் தாங்கள் காத்து நிற்பது போற்றத்தக்கது. அப்படியென்றால் புதிய வில்லன், புதிய பழி, புதிய ஏப்பம் இவையெல்லாம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டன? பென்சிலால் வரைந்தால் துரோகம், கணினியில் வரைந்தால் தழுவல் என்று விதி உண்டா? மறுபுறம், நெதர்லாந்தில் எர்ஜே ரசிகர் சங்கம் ஒன்று தன் சிற்றிதழில் சில கட்டங்களை அச்சிட்டதற்காக வழக்கு. மூலவரையே வெளியூர் வாணவேடிக்கைக்கு அனுப்பிவைத்துவிட்டு, வாசலில் கற்பூரம் ஏற்றியவனிடம் ரசீது கேட்கும் தர்மகர்த்தாவை எங்கள் பக்கத்தில் நன்றாகத் தெரியும். அவருக்கு அயலூரிலும் கிளை இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

அந்த வழக்கு போன போக்கு எர்ஜேயே எழுதியதுபோல் இருந்தது. 2015இல் ஹேக் நகர மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒரு பழைய தாள் வெளிப்பட்டது. புத்தகங்களை வெளியிடும் உரிமையைப் பதிப்பாளர் காஸ்டர்மேனுக்கு எர்ஜே எழுதிக் கொடுத்த தாள். அப்படியானால் அந்தக் கட்டங்களுக்குத் தாங்கள் அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் இடமில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. தாளின் ஆண்டு 1942. ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரஸ்ஸல்ஸில், ‘லெ சுவார்’ நாளிதழில், கப்பல் பொம்மையின் பாய்மரத்துக்குள் சுருட்டி வைத்த தாளைத் தேடும் ‘யுனிகார்ன்’ கதை தொடங்கிய அதே ஆண்டு!

அந்தக் கதை தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் நிறுவனத்துக்கு நெடுங்காலம் சூட்டியிருந்த பெயர் ஹாடாக்கின் மாளிகைப் பெயர்தான். ஆனால் கதைப்படி ஹாடாக்குக்கு முன் அந்த மூலன்சார் மாளிகை யாருடையது? பேர்ட் சகோதரர்களுடையது. தாள் என்னுடையது, தாளைக் கொடு என்று துப்பாக்கியோடு ஊர் முழுக்கத் துரத்தியவர்கள். புதையல் என்னவோ அவர்கள் வீட்டு நிலவறையிலேயே, ஒரு சிலையின் காலடியில் இருந்த பூகோள உருண்டைக்குள் கிடந்தது. 2022இல் நிறுவனத்தின் பெயரை மாற்றிய காரணம் இதுவாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆகவே அடியேன் வேண்டுவன:

புத்தகக் கட்சிக்கும் படக் கட்சிக்கும் தனித்தனி உரிமம் வழங்குக. பெரியப்பாவுக்கு முதியோர் சலுகை தேவை. இரண்டையும் அரைகுறையாக விரும்பும் என்னைப் போன்றவர்களுக்கு ஏதாவது இடைநிலை அட்டை இருந்தால் நல்லது. கட்டணம் யூரோவில் என்றால் தவணை முறையைப் பரிசீலிக்கவும். உரிமம் மறுக்கப்படுமானால் 2054 ஜனவரி 1 வரை காத்திருக்கிறேன். அன்று எர்ஜே மறைந்து எழுபது ஆண்டு கணக்கு முடிந்து ஐரோப்பாவில் டின்டின் பொதுச்சொத்தாகிறான். அப்போது எனக்குக் கண் தெரியாவிட்டாலும், பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு புள்ளி வைக்கத் தெரியும்.

கடைசியாக ஒன்று. இரண்டாவது படத்தைப் பீட்டர் ஜாக்சன் இயக்குவார் என்று அறிவித்தார்கள், இதுவரை வரவில்லை. போன பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த பெரியப்பா, கால்குலஸை எப்போது காட்டுவார்கள் என்று அக்கா மகனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்ததாகத் தகவல். இரு கட்சியும் ஒருமனதாகக் கேட்கும் ஒரே கேள்வி இது என்பதால், பதிலை மட்டும் விரைவுத் தபாலில் அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அனுமதி பெறாத வாசகன்.

இணைப்பு: எதுவும் இல்லை. நாய்க்குட்டி ஒன்றை வரைந்து அனுப்பலாம் என்றான் பையன், வக்கீலைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று நிறுத்திவைத்திருக்கிறேன்.

நகல்: துப்பறிவாளர்கள் தாம்சன், தாம்ப்ஸன் இருவருக்கும். (ஒரே நகல் போதும், இருவரும் அதையேதான் திருப்பிச் சொல்வார்கள்.)